ரோசம்மாவின் சம்பளம்

"ரோசம்மா, கொஞ்சம் தண்ணி குடு."

ஆண்கள் வார்டின் நிலைப்படியை நான் முதன்முதலாகத் தாண்டிய நேரம். ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த ஒரு நிலக்கரிக் கூலி, கண்ணைத் திறக்காமலே கூப்பிட்டார். எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. நல்ல பகல். வாசல் வழியாக வெயிலும் கடல் இரைச்சலும்தான் உள்ளே வந்துகொண்டிருந்தன.

"நான் ரோசம்மா இல்லீங்க. இன்னிக்குத்தான் வேலைக்கு வந்துகிறேன்" என்றேன்.

"செரி ரோசம்மா. தண்ணி குடு."

அடுத்த கட்டில்காரருக்குக் கால் முறிவு. நல்ல தெளிவோடு இருந்த மனுஷர். அவராவது சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. மூலையைக் கையால் காட்டி, "கூஜா அதோ கீது பாரு. நீ எப்பவும் வெக்கிற எடத்துலதான்" என்றார்.

போனேன். கூஜா அங்கேதான் இருந்தது.

எனக்குப் பயம் வந்தால் முதலில் உள்ளங்கை குளிரும். சின்ன வயசிலிருந்தே அப்படி. தண்ணீரை ஊற்றிக் கொடுக்கும்போது சில்லென்று இருந்தது கூஜாவா, என் கையா என்று தெரியவில்லை.

கேட்ட பெண்ணுக்குப் பதில்

நான் நர்ஸ் பயிற்சி பெற்ற கதையை இந்தப் பக்கங்களில் படித்துவிட்டு, புதிதாகத் தேறிய பெண் ஒருத்தி கேட்டிருந்தாள். 'எங்களுக்கு இப்போது கொடுக்கிற ஆரம்பச் சம்பளம் பஸ்ஸுக்கும் வாடகைக்குமே சரியாகப் போகிறது. உங்களுக்கு அப்போது என்னம்மா கொடுத்தார்கள்? வேறு சலுகை ஏதாவது உண்டா?'

ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். மாதம் இருபத்தைந்து ரூபாய். வேலை நாளில் ஒருவேளைச் சோறு. வருஷத்துக்கு இரண்டு வெள்ளைப் புடைவை. தீர்ந்தது. ஆனால் அந்த இருபத்தைந்தை நான் என் பெயரில் வாங்குவதற்குள் நடந்ததைச் சொல்லாவிட்டால் அது பதிலாகாது.

ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே, கடலைப் பார்த்து நின்ற சின்ன ஆஸ்பத்திரி அது. துறைமுகக் கூலிகளுக்காக ஒரு கம்பெனி நடத்தியது. பெயர் வேண்டாம். கம்பெனியும் போய்விட்டது, கட்டடத்தையும் கடல் தின்றுவிட்டது. வருஷம் சரியாக நினைவில்லை. ராயபுரத்தில் டிராமை விட்டு இறங்கி, மிச்ச வழியை மணலில் கால் புதையப் புதைய நடந்த காலம்.

சேரப் போன அன்று குமாஸ்தா நரசிம்மலு என் சர்டிபிகேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மெலிந்த மனிதர். பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் நம் தோளுக்கு மேலே பார்ப்பார்.

"உன் பேர்ல சேந்தா இருவத்தஞ்சுதான்மா ஆரம்பம். ரூம் கெடையாது. சீக்கு லீவு கெடையாது. மூணு வருஷம் ஓட்டினா நெரந்தரம். அப்பறம் அம்பது ரூபா, ரூமு, ரெண்டு வேள சோறு. கூட ஒரு ஆள வெச்சிக்கலாம்."

"என் பேர்ல சேராம வேற யார் பேர்ல சார் சேருவேன்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சம்பள நாள் வரிக்கும் யோசி. அது வரிக்கும் பின்னால ரூம்ல தங்கிக்க. சாவி ஆயாகிட்ட கீது."

ரூம் கிடையாது என்று சொன்ன வாயே ரூமையும் கொடுத்தது. எதை யோசிக்கச் சொல்கிறார் என்றும் விளங்கவில்லை. சும்மா இருந்தாலே கவலையைத் தேடிப் பிடிக்கிறவள் நான். இப்படி ஒரு வார்த்தை கிடைத்தால் விடுவேனா?

அப்பா வைத்த பெயர்

என் பெயர் கோதமி. புத்தரை எடுத்து வளர்த்த தாயின் பெயர். அப்பா பெரம்பூர் ரயில்வே பட்டறையில் சம்மட்டி அடித்தவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பௌத்த சங்கத்துக்குப் போவார். எங்கள் புளியந்தோப்பில் அப்போது அந்தப் பெயர் எனக்கு ஒருத்திக்குத்தான். பள்ளிக்கூடத்தில் 'கோதுமை, கோதுமை' என்று கத்துவார்கள். அழுதுகொண்டு வந்தால் அப்பா சொல்வார்: "கத்தட்டும்மே. மத்த பேரெல்லாம் கடன் வாங்குன பேரு. இது நானு உனக்கு சம்பாரிச்சுக் குடுத்தது."

நான் ஏழாவது முடித்த வருஷம் அவர் போய்விட்டார். அதோடு பள்ளிக்கூடமும் நின்றது. ஏழாவது படித்திருந்தால் கீழ்நிலைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்ட காலம் என்பதால் நான் நர்ஸ் ஆனேன். அதுவரை யானைக்கவுனிப் பக்கம் ஒரு மண்டியில் அம்மா மிளகாய்க் காம்பு கிள்ளினாள். கிள்ளிக் கிள்ளி நெஞ்சுக்குள் இருமல் குடியேறிவிட்டது. எங்கள் குடிசையில் மழைக்கு உள்ளே ஒரு பாத்திரம், வெளியே ஒரு பாத்திரம் வைக்க வேண்டும். "இந்த ஈரத்துல இன்னொரு மழைக்காலம் ஆகாது, வேற எடம் பாரு" என்று அம்மாவைப் பார்த்த டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார்.

ஆகவே எனக்கு வேண்டியது ரூபாய்கூட இல்லை. ஒழுகாத ஒரு அறை. அம்மாவைக் கூட வைத்துக்கொள்ள ஒரு அனுமதி. அதுவும் மழைக்கு முன்னால். ஆரம்பச் சம்பளக்காரிக்கு அது மூன்று வருஷத்துக்கு அப்பால் இருந்தது.

அளவு எடுக்காத ரவிக்கை

அறையைத் திறந்துவிட்டவள் ஆயா முனியம்மா. வியாசர்பாடிக்காரி, ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். ஆனால் அந்த அறை வாசலில் மட்டும் குரலைத் தணித்துக்கொண்டாள்.

கட்டிலில் விரிப்பு சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. ஆணியில் கண்ணாடி. கொடியில் இரண்டு வெள்ளைப் புடைவை, முழுக்கை ரவிக்கை. கார்பாலிக் சோப்பு வாசனையும், அதற்கு அடியில் லேசாக உப்பு வாடையும்.

"போட்டுப் பாரும்மா" என்றாள்.

போட்டேன். கை மணிக்கட்டில் வந்து நின்றது. இடுப்பு அளவாக இருந்தது. எனக்கு இடது தோள் சற்றுத் தாழ்வு. எந்தத் தையல்காரரும் அதை ஒரே தடவையில் பிடித்ததில்லை. இந்த ரவிக்கை அந்தத் தோளிலும் பொருந்தி உட்கார்ந்தது.

"யாருது ஆயா இது?"

"ரோசம்மாது."

"அவங்க எங்க?"

முனியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தோ, போட்டுகினு நிக்கிற" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து எல்லாருக்கும் நான் ரோசம்மா. பால்காரருக்கு, துணிக்கு வரும் வண்ணாருக்கு, கட்டுப்போட வரும் கூலிகளுக்கு, எல்லாருக்கும். திருத்தினால் தலையாட்டுவார்கள். தலையாட்டிவிட்டு, "அப்ப வரட்டா ரோசம்மா?" என்பார்கள். காலையில் வந்துபோகும் டாக்டர் மட்டும் 'நர்ஸ்' என்பார். அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது, தெரியுமா?

முதல் ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து ஒரு வயதான அம்மாள் வந்தாள். மரியக்கண்ணு என்று பெயர். காசிமேட்டு மீன்காரி. வாழை இலையில் வறுத்த நெத்திலி கொண்டுவந்திருந்தாள். என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, வெகு நேரம் பார்த்தாள்.

"எளச்சிப் பூட்டியேடி ரோசி" என்றாள். "துன்னு."

நெத்திலி சூடாக இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் தின்றேன்.

முனியம்மா சொன்னது

இரண்டாவது வாரம் முனியம்மாவை மருந்து ரூமில் மடக்கினேன். "யாரு ஆயா ரோசம்மா? சொல்லலன்னா இப்பவே பொட்டியத் தூக்கிகினு பூடுவேன்."

அவள் பஞ்சு உருட்டிக்கொண்டே சொன்னாள்.

"அசலு ரோசம்மா அந்த மீன்காரக் கெழவியோட பொண்ணு. ஒருதபா கடல்ல நின்ன கப்பல்ல காலரான்னு அத்தப் படவுல இட்டுகினு போனாங்க. கப்பல்ல ஏறுனத்த பாத்தவன் கீறான். எறங்குனத்த பாத்தவன் ஒருத்தனும் இல்ல. பொழுது விடிஞ்சா கப்பலயே காணோம்."

"செத்துட்டாங்களா?"

"பொணம் இல்லாம எப்டிம்மா செத்துட்டான்றது? கெழவி ஒண்டிக்கட்ட. சம்பளம் நின்னா இன்னா துன்னும்? அதுனால குமாஸ்தா பேர அடிக்கல. அப்பால ஒரு புதுப் பொண்ணு வந்துச்சு, தெக்கத்திப் பொண்ணு, நாதி இல்லாதது. அதுக்கும் இருவத்தஞ்சு, ரூம் இல்லன்னாங்க. நாங்கதான் ரோசன சொன்னோம். சம்பள நாள்ல ரோசம்மான்னு கூப்டா ஆஜர்னு ஒரு கொரலு குடு. அம்பது ரூபா, ரூமு, சோறு எல்லாம் உனக்கு. கெழவிக்கு பத்து ரூபா குடுத்துடு. ஆபீஸ்ல இருந்து வர்ற துரை எவனும் நிமிந்து மூஞ்சியப் பாக்கறதில்ல. யாருக்கு இன்னா நஷ்டம், சொல்லு?"

"அந்தப் பொண்ணு?"

"ரொம்ப வருசம் இருந்துச்சு. போன மாசம்தான் சுரம் கண்டு பூட்ச்சு."

குமாஸ்தாவுக்கு இதில் காலணா கிடையாதாம். இரக்கத்தில் ஆரம்பித்தது. பிறகு நிறுத்த வழி தெரியாமல் பயத்தில் தொடர்ந்தது. அடுத்த ரோசம்மா நான்.

உங்களிடம் மறைப்பானேன்? எனக்கு ஆசை வந்தது. சம்பள நாளுக்கு ஒரு வாரம் இருந்தது. வடகிழக்கில் மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. யாருக்கு என்ன நஷ்டம் என்று நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன்.

வாசலில் அம்மா

அறையைப் பார்க்க அம்மாவை வரச் சொல்லியிருந்தேன். பிற்பகல். வராந்தாவில் உட்கார்ந்து கட்டுத்துணி சுருட்டிக்கொண்டிருந்தேன். வேலையில் மனம் ஒன்றிப்போயிருந்தது. யாரோ தோளைத் தொட்டார்கள். பார்த்தால் அம்மா, மூச்சு வாங்க நிற்கிறாள்.

"காது இன்னா அடச்சிகிச்சா? கேட்டாண்ட இருந்து கோதமி, கோதமின்னு தொண்ட கிழியக் கத்துறேன். தலயக்கூட தூக்க மாட்டேன்ற."

கேட் பத்தடி தூரம்கூட இல்லை. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அதே நேரம் உள்ளே வார்டிலிருந்து யாரோ முனகலாக, "ரோசம்மா" என்றார்கள். அம்மாவுக்கு அது காதில் விழக்கூட இல்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அம்மாவுக்கு அறை பிடித்துப்போயிற்று. சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாள். "காஞ்ச சொவுருடி" என்றாள், ஏதோ நகையைப் பற்றிச் சொல்வதுபோல. ஏற்பாட்டைச் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து யோசித்தாள்.

"பேர்ல இன்னாடி கீது, சோறு கெடச்சா செரி" என்றாள். பிறகு தானாகவே, "உங்கப்பன் இருந்தா ஒத்துக்க மாட்டாரு" என்றாள். அப்புறம், "எதுக்கும் சுரத்துல பூட்ட அந்தப் பொண்ணு யாரு, எந்த ஊருன்னு விசாரிச்சிக்க. அவ பொழங்குன கட்டில்ல நாம படுக்கப் போறோம். பேரச் சொல்லி ஒரு வெளக்காவது ஏத்தணும்" என்றாள்.

அந்தப் பெயர்

மறுநாள் முனியம்மா என்னை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அழைத்துப்போனாள். கேட்பாரற்றவர்களைப் புதைக்கும் மணல்மேடு. உச்சிவெயிலில் மணல் கண்ணைக் கூச வைத்தது. சுண்ணாம்பு அடித்த ஒரு கல். அதில் எழுத்து ஒன்றும் இல்லை.

"ஏன் ஆயா பேரு போடல?"

"ரோசம்மான்னு போட்டா சம்பளம் போச்சு. வேற பேரு போட்டா, அப்டி ஒரு ஆளே இங்க வேலைல இல்லியே."

"செரி, அவங்க பேரு என்ன?"

முனியம்மா சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. மூடினாள். மறுபடி திறந்தாள். வெற்றிலைக் கறை படிந்த உதடு ஏதோ எழுத்தைத் தேடுவதுபோல அசைந்தது.

"இன்னாது... தோ, நாக்குலயே கீது. எங்கையால குளிப்பாட்டுனேன்மா அத்த..."

அவள் கண்ணில் நான் அதற்கு முன் பார்த்திராத பயம். அந்த உயரமான பொம்பளை மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

குமாஸ்தாவிடம் ஓடினேன். அவர்தானே அவள் சர்டிபிகேட்டைப் பார்த்தவர்? கண்ணாடியைக் கழற்றினார். நெற்றியைத் தேய்த்தார். "நல்லா தெரியும்மா. நல்ல பேரு. சின்னப் பேரு..." அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. சுரம் கண்டவள் சாமான் என்று அவள் பெட்டியை மொத்தமாகக் கொளுத்தியாகிவிட்டது. வண்ணாரைக் கேட்டேன். "ரோசம்மாதானே?" என்றார். பால்காரரும் அதையே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மரியக்கண்ணுவைக் கேட்டேன். இலையைப் பிரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அவளும் எங்கிட்ட சொன்னா. வந்த புதுசுல சொன்னா. நாந்தான் ரோசின்னே கூப்ட்டேன்" என்றாள். அதற்கப்புறம் அவள் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

எத்தனையோ வருஷம் அந்த வராந்தாவில் நடந்தவள். எத்தனை பேருக்குக் கஞ்சி ஊட்டினாள், எத்தனை பேர் கண்ணை மூடிவிட்டாள். அவளை எல்லாருக்கும் நினைவிருந்தது. அவள் சிரிப்பு, அவள் கால் கொலுசு, உப்பைத் தூக்கலாகப் போட்டுக்கொள்வது, எல்லாம். பெயர் மட்டும் ஒருவரிடமும் இல்லை. யாரோ வந்து எல்லார் வாயிலிருந்தும் அதை எடுத்துக்கொண்டு போனதுபோல.

அன்று படுத்தபடியே என் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். வந்தது. கொஞ்சம் தாமதமாக வந்தது.

ஆஜர்

சம்பள நாள் காலை மழை தூறிக்கொண்டிருந்தது. வராந்தாவில் மேஜை போட்டு, ஆபீசிலிருந்து வந்த இளவயது துரை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நரசிம்மலு பெயர் படித்தார். ஒவ்வொருவராக 'ஆஜர்' சொல்லி வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள். தூணோரம் மரியக்கண்ணு தன் பத்து ரூபாய்க்காக முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"ரோசம்மா."

உள்ளங்கை குளிர்ந்துவிட்டது. வார்டு முழுக்க என்னைத்தான் பார்த்தது. கட்டிலில் கிடந்தவர்கள்கூடத் தலையைத் தூக்கியிருந்தார்கள்.

"ரோசம்மா."

என் வாய் தானாகத் திறந்தது. ஆஜர் என்ற அந்தச் சொல்லை நான் கூப்பிடவில்லை, அது தானே வந்து நாக்கின் நுனியில் உட்கார்ந்துகொண்டது. சொல்லிவிட்டால் காய்ந்த சுவர் எனக்கு. சொல்லாவிட்டால் அம்மா அந்த ஒழுகலில். பல்லைக் கடித்து அதை உள்ளேயே நிறுத்தினேன்.

"சார், என் பேரு கோதமி. இந்த மாசம்தான் வேலைக்கு வந்தேன்" என்றேன். என் குரல் எனக்கே வேற்றாள் குரலாகக் கேட்டது.

துரை நிமிர்ந்தார். அந்த வராந்தாவில் ஒரு துரை நிமிர்ந்து பார்த்ததை அன்றுதான் எல்லாரும் பார்த்திருக்க வேண்டும். அப்படியானால் ரோசம்மா எங்கே என்று இங்கிலீஷில் கேட்டார். நரசிம்மலுவின் முகத்தில் வியர்வை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துரை இன்னொரு தடவை கேட்டார்.

தூணை விட்டு மரியக்கண்ணு நகர்ந்து வந்தாள். கிழவி என்னைச் சபிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் வயிற்றில்தானே அடித்திருக்கிறேன்? அவள் என்னைத் தாண்டி மேஜையின் முன்னால் போய் நின்றாள்.

"எம் பொண்ணு செத்துப் பூட்டா தொர" என்றாள். "கப்பலு வர்றப்போ எல்லாம் போய் நின்னு பாத்தேன். எத்தினியோ கப்பலு. வரமாட்டா. இது வேற பொண்ணு. இதுக்குக் குடுக்க வேண்டியத இது பேர்ல குடு."

நரசிம்மலு அதை மெதுவாக இங்கிலீஷில் சொன்னார். துரை பேனாவால் ஒரு கோடு இழுத்தார். ஒரே கோடு. அடியில் என் பெயரை எழுதச் சொன்னார். கையில் இருபத்தைந்து ரூபாய் வந்து விழுந்தது. அறைச் சாவியை அன்று மாலைக்குள் ஒப்படைக்க வேண்டும்.

துரையின் வண்டி கேட்டைத் தாண்டியதும் மரியக்கண்ணு முக்காட்டை எடுத்துவிட்டுத் தலைமுடியை அவிழ்த்தாள். நான் போய்க் காலில் விழப்போனேன். தடுத்துவிட்டாள்.

"மய வருது. உங்கம்மாள எங்கூட்டுக்கு இட்டுகினு வா. எங்குது ஓட்டு வூடு. ஒரு பக்கம் நீங்க இருங்க, குடுக்கறத குடு" என்றாள். "அது அப்பால. இப்ப ஒக்காரு."

வராந்தாத் தரையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்தோம். முனியம்மாதான் ஒப்பாரியைத் தூக்கினாள். எத்தனையோ வருஷமாக அழவிடாமல் வைத்திருந்த அழுகை. "ரோசம்மா, ரோசம்மா" என்று பெயர் சொல்லிச் சொல்லி மரியக்கண்ணு மார்பில் அடித்துக்கொண்டாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முனியம்மாவின் கையைப் பிடித்தாள்.

"இன்னொருத்தியும் கீறாளே. எங்கையால துன்னவ. அவளுக்கும் எடு."

முனியம்மா மறுபடி தொடங்கினாள். தெற்கேயிருந்து வந்தவளே என்றாள். கொலுசுக் காலுக்காரி என்றாள். பெயர் சொல்லி அழைக்க வேண்டிய இடம் வந்தது. நிறுத்தினாள். நாங்கள் எல்லாரும் மார்பில் அடித்த கையோடு அப்படியே இருந்தோம். ஒரு பெயர் அளவுக்குக் கடல் மட்டும் இரைந்தது.

பிறகு அவள் அடுத்த அடியைப் பாடினாள்.